இரண்டு காற்றும் ஒரு வயலும்

ஆடிப் பதினெட்டாம் நாளன்று திருவையாற்றுக்குச் சென்றிருக்கும் நேயர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்திருக்கக்கூடும். படித்துறையெங்கும் ஸ்திரீகள் கூடிக் காவேரிக்கு மஞ்சளும் குங்குமமும் காதோலை கருகமணியும் சமர்ப்பிக்கிறார்கள். சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு வந்த குடும்பங்கள் மரநிழல்களில் இடம் பிடித்துக் கொள்கின்றன. அணையில் தண்ணீர் விட்ட வருஷமானால், ஆறு செந்நிறப் புதுப்புனலோடு இருகரையும் தழுவிப் போகிறது. ஆனால் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாலோ, வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கிறது. மழை பெய்த சுவடே இல்லை. காற்று மட்டும் புழுதியை வாரி இறைக்கிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்தவர்கள், அந்தக் காற்றில் மழையும் வரும் என்று சொல்லவில்லை.

அதே ஊருக்கு ஐப்பசியில் போய்ப் பாருங்கள். வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். ஆற்றில் தண்ணீர் விடும்படி அப்போது ஒருவரும் கேட்பதில்லை. வயலில் நிற்கும் நீர் வடிந்தால் போதும் என்பதே குடியானவர்களின் பிரார்த்தனையாக இருக்கும். மழையில்லாத காலத்தில் வெள்ளமும், வெள்ளம் வேண்டாத காலத்தில் மழையுமாக இந்தச் சீமைக்கு இரண்டு தடவை தண்ணீர் வருகிறது. வேறு வேறு காற்றுகள், வேறு வேறு கடல்களிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் அது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஜில்லாக்களின் நெல் இவ்விரண்டு காற்றுகளுக்கும் நடுவே ஓர் இடுக்கில் விளைகிறது என்று சொன்னால் அது மிகையாகாது.

நம் முன்னோர் இதை நன்றாகவே அறிந்திருந்தார்கள். கிழக்கேயிருந்து வரும் காற்றுக்குக் கொண்டல் என்றும், மேற்கேயிருந்து வருவதற்குக் கோடை என்றும், வடக்கேயிருந்து வருவதற்கு வாடை என்றும், தெற்கேயிருந்து வருவதற்குத் தென்றல் என்றும் பெயரிட்டார்கள். கொண்டல் என்றால் மேகம் என்றும் பொருள்; கோடை என்றால் வெயிற்காலம் என்றும் பொருள். எந்தக் காற்று சோழ நாட்டில் மழை பெய்விக்கும், எது பெய்விக்காது என்ற வானிலைச் சாஸ்திரம் முழுவதையும் இரண்டு பெயர்களுக்குள் அடக்கிவிட்டார்கள்!

முதலில் மேல்காற்றின் கதையைப் பார்ப்போம். அது அரபிக் கடலில் பிறப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். அதன் ஜென்ம ஸ்தானம் அதற்கும் வெகு தொலைவில், பூமத்திய ரேகைக்குத் தெற்கே, மொரீஷியஸ் தீவைச் சுற்றியுள்ள தென் சமுத்திரத்தில் இருக்கிறது. நமக்கு ஆனி, ஆடி என்றால் அங்கே குளிர் காலம். குளிர்ந்து கனத்த காற்று அங்கே குவிகிறது. இங்கே வட இந்தியாவும் பாகிஸ்தானமும் அடுப்பின்மேல் வைத்த வாணலியாய்க் காய்ந்து கிடக்கின்றன. கனத்த காற்று வடக்கு நோக்கிப் புறப்பட்டு, பூமத்திய ரேகையைக் கடந்து, ஆப்பிரிக்க மேட்டு நிலத்தின் விளிம்போடு சோமாலியாக் கரையோரமாய் ஓடிவருகிறது. பூமி சுழல்வதால் ரேகைக்கு வடக்கே வந்த காற்று வலப்புறமாய்த் திரும்ப வேண்டியிருக்கிறது. தென்கிழக்கிலிருந்து கிளம்பியது தென்மேற்கிலிருந்து வருவதாய் நம்மிடம் வந்து சேர்வது இவ்வாறுதான். நிலமும் கடலும் வேறுவிதமாய்ச் சூடேறுவதே பருவக்காற்றுக்குக் காரணம் என்று 1686-இல் எட்மண்ட் ஹாலி எழுதினார். வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர் அவர்தான். பூமியின் சுழற்சியைச் சேர்த்து விளக்கியவர் 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி என்ற ஆங்கில வக்கீல். ஒரு வக்கீல் காற்றின்மீது வழக்காடி ஜெயித்தார் என்றே சொல்லலாம்.

ஆயினும் சூடு மட்டுமே காரணமானால், அக்கினி நட்சத்திரத்திலேயே மழை கொட்ட வேண்டுமல்லவா? அப்படி நடப்பதில்லை. ஏறிச் செல்லும் ஈரக் காற்று குளிர்ந்து மழைத்துளியாகும்போது, அந்த ஈரத்தில் ஒளிந்திருந்த உஷ்ணம் வெளிப்படுகிறது. அது காற்றை இன்னும் மேலே ஏற்றுகிறது. கீழே மேலும் காற்று ஓடிவந்து இடத்தை நிரப்புகிறது. ஆகவே, காற்று மழையைக் கொண்டுவருவது போலவே மழையும் காற்றை இழுத்து வருகிறது. தொடங்கிவிட்டால் நான்கு மாதம் ஓய்வதில்லை.

இப்படி வருகிற காற்றை ஸஹ்ய பர்வதம் குறுக்கே நின்று மறிக்கிறது. குடகிலே மடிக்கேரியில் ஆண்டொன்றுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. அங்கிருந்து கிழக்கே சுமார் 120 கிலோமீட்டர் வந்தால் மைசூர். அங்கே கிடைப்பது ஏறக்குறைய 800 மில்லிமீட்டர்தான். மலையேறும்போது ஈரத்தையெல்லாம் உதறிவிட்ட காற்று, இறங்கும்போது சூடேறி வறண்டுவிடுகிறது. தஞ்சைக்கு அது வந்து சேர்வதற்குள் புழுதியைக் கிளப்புவதைத் தவிர வேறொன்றுக்கும் உதவாத காற்றாகிவிடுகிறது. ஆனால் குடகிலும் வயநாட்டிலும் அது கொட்டிவிட்டு வந்த தண்ணீர் காவேரியாகவும் கபினியாகவும் பின்னாலேயே வருகிறது. மேலே வந்தால் மழை, கீழே வந்தால் ஆறு. தமக்குச் சேரவேண்டிய மழை தபாலில் வருவதாகத் தஞ்சைவாசிகள் எண்ணிக்கொள்ளலாம். இந்தத் தபால் நடுவழியில் தங்கிவிடுவது பற்றி 1892 முதல் ஒப்பந்தங்களும் வழக்குகளும் நடந்து, 2018-இல் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பும் ஆகிவிட்டது. அந்த விவகாரத்துக்குள் நாம் இங்கே இறங்கப்போவதில்லை. மழை நன்றாய்ப் பெய்த வருஷங்களில் அந்தச் சண்டை தானே அடங்கிவிடுகிறது என்பதை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்வோம்.

1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. 120 அடி உயரத்துக்கு நிரம்பினால் 93 டி.எம்.சி.க்குச் சற்று அதிகமான தண்ணீர் அதில் நிற்கும். பாசனத்துக்கு அதைத் திறந்துவிடும் வழக்கமான நாள் ஜூன் 12. இந்தத் தேதியை யாரோ ஓர் அதிகாரி கச்சேரியில் உட்கார்ந்து மனம்போனபடி குறித்துவிட்டார் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் இரண்டு காற்றுகளுக்கும் இடையே ஏற்பட்ட ஒப்பந்தத் தேதி அது. ஜூன் முதல் தேதியை ஒட்டி மேல்காற்று கேரளக் கரையைத் தொடுகிறது. அதற்குப் பின்னால் குடகு மழை அணையை நோக்கி வரத் தொடங்கும். மறுமுனையில், அக்டோபர் 20-ஐ ஒட்டி வடகிழக்குப் பருவம் இறங்குகிறது. நடுவிலிருப்பது ஏறக்குறைய 130 நாட்கள். குறுவை நெல்லின் ஆயுள் சுமார் 110 நாட்கள். தண்ணீர் கல்லணையை அடைந்து, கிளை வாய்க்கால்களில் பரவி, நாற்று விட்டு, நட்டு, அறுத்துக் களம் சேர்க்க எஞ்சியிருப்பது கொஞ்ச நாட்கள்தான். அணை ஒரு மாதம் தாமதித்துத் திறந்தால் குறுவை அறுப்பு அடைமழையில் அகப்பட்டுக்கொள்ளும். கதிரிலேயே நெல் முளைத்துவிடும். ஆகையால் தாமதமான வருஷங்களில் குடியானவர் குறுவையையே கைவிட்டு, சம்பா ஒரு போகத்தோடு திருப்தியடைகிறார். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷங்கள் ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. 2020-இல்தான் மறுபடியும் அந்தத் தேதியில் திறந்தது. 2022-இல் அணை முன்னதாகவே நிரம்பியதால் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்.

சம்பாவின் கணக்கு வேறு. அது ஐந்து மாதப் பயிர். ஆவணியில் விதைத்தால், ஐப்பசி கார்த்திகை மழையைக் குடித்து வளர்ந்து, மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழியில் பால் பிடித்து, தை பிறந்ததும் அறுவடைக்கு வரும். பொங்கல் பானையில் புத்தரிசி பொங்குவதற்கு, வாடைக் காற்று தன் வேலையை உரிய காலத்தில் முடித்துக்கொண்டு விலக வேண்டியிருக்கிறது. கார்த்திகைக்குப் பின் மழையில்லை, கர்ணனுக்குப் பின் கொடையில்லை என்ற பழமொழியை நம்பியே இந்தப் பயிர் முறை அமைந்தது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் அந்தப் பழமொழி பொய்த்தது. அறுவடைக்குத் தயாராயிருந்த கதிர்கள் தண்ணீரில் சாய்ந்தன.

வடகிழக்குக் காற்றைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாய்ச் சொல்ல வேண்டும். சூரியன் தெற்கே சாய்ந்ததும் ஆசியக் கண்டம் குளிர்கிறது. காற்றின் போக்கு திரும்புகிறது. நிலத்திலிருந்து வரும் இந்தக் காற்று இயல்பாகவே வறண்ட காற்று. அது மழைக்காற்றாய் மாறுவது வங்காள விரிகுடாவைக் கடந்து வருவதால்தான். சமுத்திரத்தின் மேற்பரப்பில் வெறும் இரண்டரை மீட்டர் ஆழமுள்ள நீர் மட்டும், அதன்மேல் நிற்கும் ஆகாயம் முழுவதிலும் உள்ள காற்றுக்குச் சமமான உஷ்ணத்தைத் தாங்கும். காற்றுக்கு நேற்றைய வெயில் நினைவிருக்காது; கடலோ மூன்று மாதத்துக்கு முந்திய வெயிலையும் மறப்பதில்லை. கடல் நீர் சுமார் 28 டிகிரிக்கு மேல் சூடாயிருக்கும் இடங்களில்தான் பெருமேகங்கள் திரள்கின்றன என்று 1984-இல் சுலோசனா காட்கிலும் அவருடன் உழைத்த இருவரும் எடுத்துக் காட்டினார்கள். வங்காள விரிகுடா வருஷத்தில் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேலேயே நிற்கிறது.

அரபிக் கடல் ஏன் அப்படி நிற்பதில்லை? சோமாலியாக் கரையில் வீசும் காற்று மேல்நீரை அப்பால் தள்ளிவிடுகிறது. அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஆகவே அந்தக் கடல் ஆடியில் குளிர்ந்துவிடுகிறது. வங்காள விரிகுடாவுக்கோ கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் நன்னீரைக் கொண்டுவந்து ஊற்றுகின்றன. உப்பு நீரைவிட நன்னீர் இலேசானது. ஆகையால் அது மேலாகவே பரவிக் கடலுக்கு மூடிபோல் அமைந்துவிடுகிறது. காற்று எவ்வளவு அலைக்கழித்தாலும் அடியிலுள்ள குளிர்நீர் எளிதில் மேலே வருவதில்லை. மூடியின்மேல் விழுந்த வெயில் மூடியிலேயே தங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்பும்போது, இந்த நன்னீர் நம் கரையோரமாகவே இறங்கி இலங்கைப் பக்கம் போகிறது. அதாவது காசியில் ஸ்நானம் செய்தவர்களின் பாவத்தைச் சுமந்த கங்கை நீர், கொஞ்சம் காலதாமதமாக நாகப்பட்டினத்து மீனவர்களின் படகுக்கடியிலும் ஓடுகிறது. காசி யாத்திரை போக முடியாதவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

இந்தச் சூடான மூடிதான் நமக்கு மழையும் தருகிறது, புயலும் தருகிறது. 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12 என்று தேதி சொல்லி நாகப்பட்டினத்துப் பெரியவர்கள் நினைவுகூரும் புயல்கள் இதிலிருந்து பிறந்தவையே. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா, பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளை ஓர் இரவில் தரைமட்டமாக்கியது. அதே 2018-இல் குடகிலும் கேரளத்திலும் மேல்காற்று வரம்பு மீறிப் பெய்து, மேட்டூர் நிரம்பி வழிந்து, ஆகஸ்டு 22-இல் முக்கொம்பு மேலணையின் மதகுகள் அடித்துக்கொண்டு போயின என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். நெற்பயிர் சில மாதத்தில் திரும்ப வளரும். தென்னை மரம் காய்க்க வருஷங்கள் பிடிக்கும்.

குடகும் வங்கக் கடலும் மட்டுமே இதில் சம்பந்தப்பட்டிருந்தால் விஷயம் இத்துடன் முடிந்துவிடும். ஆனால் இரண்டு காற்றுகளையும் தொலைவிலிருந்து ஆட்டிவைக்கும் மூன்றாவது கை ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது நம் நாட்டின் பஞ்சம்.

தாது வருஷப் பஞ்சம் என்றால் இன்றும் கிராமங்களில் பாட்டிமார் குரலைத் தாழ்த்துவார்கள். 1876-இல் மழை பொய்த்தது. 1877-இல் தென்மேற்குப் பருவமும் கைவிட்டது. சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டார்கள். ஜனங்கள் சாகும்போதே தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. காவேரிப் பாசனம் இருந்தபடியால் தஞ்சை மற்ற ஜில்லாக்களைப்போல் அழியவில்லை. பருவமழையை முன்கூட்டி அறிய முடியுமா என்ற கேள்வி அப்போது சர்க்காருக்குத் தலையாய கேள்வியாயிற்று. 1875-இல் தொடங்கியிருந்த வானிலைத் துறையின் முதல் அதிகாரி ஹென்றி பிளான்போர்டு, இமயத்தில் பனி அதிகம் விழுந்தால் மழை குறையும் என்று கண்டு, 1886 முதல் முன்னறிவிப்பு வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் 1899-இல் நல்ல மழை பெய்யும் என்றார். அந்த வருஷம் கடும் பஞ்சம் வந்தது.

1904-இல் அந்த ஸ்தானத்துக்கு வந்த கில்பர்ட் வாக்கர் வானிலை படித்தவரல்லர். கேம்பிரிட்ஜ் கணித நிபுணர். உலகெங்குமுள்ள ஊர்களின் காற்றழுத்தம், மழை, உஷ்ணம் எல்லாவற்றின் கணக்குகளையும் வரவழைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டார். அந்த அலுப்பூட்டும் கணக்குகளை நாள்தோறும் போட்டுக் கொடுத்தவர்கள் நம் நாட்டுக் குமாஸ்தாக்கள். கிணற்று ஏற்றத்தில் ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்குவதுபோல், பசிபிக் சமுத்திரத்தில் காற்றழுத்தம் ஏறும்போது இந்து சமுத்திரத்தில் இறங்குகிறது; அங்கே இறங்கும்போது இங்கே ஏறுகிறது. 1924-இல் இதற்குத் தென்னக அலைவு என்று பெயர் வைத்தார்.

வாக்கரின் பெயரைத் தஞ்சைச் சீமை வேறொரு காரணத்துக்காகவும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்த அவரிடம், துறைமுகக் கச்சேரியில் குமாஸ்தாவாயிருந்த ஒரு கும்பகோணத்து இளைஞரின் நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார்கள். அந்த இளைஞருக்குச் சில வருஷமாவது கவலையில்லாமல் கணிதம் செய்ய உதவ வேண்டும் என்று வாக்கர் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைத்தது. அந்த இளைஞர் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். காவேரி மழையின் கணக்கைத் தேடிய மனிதர், காவேரிக்கரைக் கணிதமேதைக்குக் கைகொடுத்தார்!

ஏற்றம் ஏன் ஆடுகிறது என்பது வாக்கருக்குத் தெரியவில்லை. 1969-இல் ஜேக்கப் பியெர்க்னெஸ் அதைக் கடலோடு முடிச்சுப் போட்டார். சாதாரண வருஷங்களில் பசிபிக் சமுத்திரத்தின் கீழ்காற்று, சூடான மேல்நீரை இந்தோனேஷியாவின் பக்கம் ஒதுக்கி வைக்கிறது. காற்று அங்கே மேலே எழுகிறது. அந்தக் காற்று தளரும் வருஷங்களில் சுடுநீர் பெரு தேசத்தின் பக்கம் திரும்பி நகர்கிறது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வரும் அந்தச் சூட்டைப் பெரு நாட்டு மீனவர்கள் எல் நினோ, அதாவது குழந்தை, என்றார்கள். எழும் காற்று அங்கே போய்விட்டால், நம் பக்கத்தில் காற்று இறங்குகிறது. இறங்கும் காற்றில் மேகம் திரளாது. குடகு காய்கிறது.

ஆனால், தஞ்சைக்கு இதில் ஒரு தனி விசேஷம் உண்டு. அதே எல் நினோ ஐப்பசியில் வேறுவிதமாய் நடந்துகொள்கிறது. கிழக்கே இறங்கும் காற்று மேற்கு நோக்கிப் படர்ந்து, விரிகுடாவின் ஈரத்தைத் தமிழ்நாட்டுக் கரைமேல் தள்ளுகிறது. ஆகவே ஆறு வறண்ட வருஷத்தில் வானம் கொட்டுவது அநேகமாய் நடக்கிறது. 2015-இல் தென்மேற்குப் பருவம் தேசமெங்கும் குறைந்தது. டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023-இல் ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தது. ஆனால் ஆகஸ்டு மாத மழை 1901-க்குப் பின் தேசத்தில் காணாத அளவுக்குக் குறைந்தது. கடைமடையில் குறுவை கருகியது. நான்கு மாதம் கழித்து, டிசம்பர் 17, 18-இல் தெற்கே காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வருஷ முடிவில் கூட்டிப் பார்த்தால் மழைக்குக் குறைவில்லை என்றே கணக்குச் சொல்லும். கருகிய நாற்றுக்கு டிசம்பர் மழையால் என்ன பயன்?

எல் நினோ ஒன்றை வைத்தே எல்லாவற்றையும் சொல்லிவிடவும் முடியாது. 1997-இல் மிகப் பெரிய எல் நினோ வந்தும் இந்தியாவில் மழை குறையவில்லை. அதன் புதிரை ஆராய்ந்தபோது, இந்து சமுத்திரத்துக்குள்ளேயே மேற்கும் கிழக்குமாய் ஓர் ஏற்றம் ஆடுவதை, 1999-இல் ஸாஜி என்ற இந்தியரும் யமகதா என்ற ஜப்பானியரும் அவர்கள் சகாக்களும் கண்டறிந்தார்கள். ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறினால் நமக்கு அனுகூலம். சுமத்திராப் பக்கம் சூடேறினால் பிரதிகூலம். 2016-இல் சுமத்திராப் பக்கம் சூடேறியது. குடகிலும் மழை இல்லை, கொண்டலும் வரவில்லை. வடகிழக்குப் பருவத்தில் சராசரி 440 மில்லிமீட்டர் பெய்யவேண்டிய தமிழ்நாட்டில் 170-க்கும் குறைவாகவே பெய்தது. இரண்டு காற்றும் ஒரே வருஷத்தில் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அந்த வருஷமே சாட்சி. மேட்டூரை நம்பிச் செப்டம்பரில் விதைத்தவர்கள் மார்கழியில் பாளம் பாளமாய் வெடித்த வயலில் மாடுகளை மேயவிட்டார்கள். 2017 மார்ச்சில் டில்லி ஜந்தர் மந்தரில் மண்டையோடுகளை முன்னே வைத்துக்கொண்டு தமிழ்நாட்டு விவசாயிகள் உட்கார்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடல் வரவரச் சூடேறுகிறது என்பதிலும் சந்தேகமில்லை. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பாகம் 1901 முதல் 2012 வரை கோடை மாதங்களில் சுமார் 1.2 டிகிரி சூடேறியிருப்பதைப் புனே ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். ஆடுதுறையில் 1922 முதல் நடந்துவரும் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் குறுகிய காலக் குறுவை ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டு வாரம் வரை மூழ்கியிருந்தாலும் பிழைக்கும் சி.ஆர். 1009 சப்-1 என்ற சம்பா ரகமும் வந்திருக்கிறது. நெல்லின் ஆயுளைக் குறைக்கலாம். நீரில் மூச்சடக்கக் கற்றுக்கொடுக்கலாம். காற்று எப்போது திரும்பும் என்பதை மட்டும் விதையால் மாற்ற முடியாது.

ஆகையால் குடியானவருக்கு வேண்டியது எவ்வளவு மழை என்பதைவிட, எப்போது மழை என்ற சமாசாரம். தென்மேற்குப் பருவத்தைப் பற்றிய முன்னறிவிப்பு சித்திரை மாதத்திலேயே வந்துவிடுகிறது; ஆனால் அது தேசம் முழுவதற்குமான சராசரி. குடகில் எத்தனை நாள் பெய்யும் என்று அதில் இராது. வடகிழக்குப் பருவத்தைப் பற்றிய அறிவிப்பு செப்டம்பர் முடிவை ஒட்டி வெளிவருகிறது. அதற்குள் தஞ்சைப் பக்கத்தில் சம்பா நாற்று நட்டாகி வேர் பிடித்திருக்கும். நேரடியாய் விதைத்த நாகை, திருவாரூர்க் கடைமடைகளில் பயிர் ஒரு சாண் உயரம் வளர்ந்து, காற்றில் அசைந்துகொண்டிருக்கும்.